சம்பளமில்லாமல் ஒரு நூலகத் தொழில்நுட்ப இதழ்: தொடங்கலாம், ஆனால் தொடர்ந்து நடத்த முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்லூரி நூலகர். கோஹா, டிஸ்பேஸ் போன்ற நூலக மென்பொருள்களில் தினமும் வேலை செய்கிற ஐந்தாறு நண்பர்களோடு சேர்ந்து, நூலகத் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் இணைய இதழ் தொடங்க நினைக்கிறீர்கள். படிப்பவரும் பணம் கட்டக் கூடாது, எழுதுபவரும் கட்டக் கூடாது, நடத்துகிற யாருக்கும் சம்பளமும் கிடையாது. எந்த மென்பொருள், எவ்வளவு செலவு, இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எப்படி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில், "நாலு இதழ் வந்து நின்றுபோனால் தலைகுனிவாகிவிடும்" என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பயம்தான் உண்மையான கேள்வி. வேலை, குடும்பம் எல்லாம் உள்ளவர்கள் தங்கள் மிச்ச நேரத்தை வைத்து ஒன்றைப் பல வருடம் நடத்துவது எப்படி? பெரும்பாலும் அதற்குத்தான் இங்கே பதில் சொல்லப்போகிறேன்.

நான் நூலக மென்பொருள் பக்கம் வேலை பார்க்கிறவன். இப்படிப்பட்ட ஒரு தன்னார்வ ஆங்கில இதழின் ஆசிரியர் குழுவிலும் பல வருடம் இருந்திருக்கிறேன். ஆகவே கட்டுரைத் தேர்வு, திருத்தம், வெளியீடு பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். தமிழில் நடத்துவது பற்றிச் சொல்வது கணிப்பு மட்டும்தான். சங்கமாகப் பதிவு செய்வது, வரவு செலவு, வரி இதெல்லாம் என் துறை இல்லை, அதற்கு ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

முடியுமா என்றால், நிச்சயம் முடியும். அமெரிக்காவில் கோட்4லிப் ஜர்னல் என்று ஓர் இதழ் இருக்கிறது. 2007 டிசம்பரில் முதல் இதழ் வந்தது, 2021இல் ஐம்பதாவது வந்தது, அதற்கப்புறமும் வந்துகொண்டிருக்கிறது. எழுதவும் காசில்லை, படிக்கவும் காசில்லை, பின்னால் பெரிய பதிப்பகமும் இல்லை. அதன் ஆசிரியர்கள் வேறு எங்கோ வேலை பார்த்துக்கொண்டு தன்னார்வமாக இதைச் செய்பவர்கள். இப்படி இரண்டு பக்கமும் கட்டணம் இல்லாத இதழ்களை இப்போது டைமண்ட் இதழ்கள் என்கிறார்கள். 2021இல் ஐரோப்பாவில் வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகம் முழுக்க இவை 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கை இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், பல இதழ்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அமைதியாக நடந்துகொண்டிருக்கின்றன என்பதுதான். ஆக, நீங்கள் செய்யப்போவது விசித்திரமான காரியம் இல்லை.

கோட்4லிப் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் வரிசை. 2003இல் நூலகங்களில் நிரல் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு மின்னஞ்சல் குழு வந்தது. 2006இல் ஒரிகன் மாநிலத்தின் கோர்வாலிஸ் என்ற சின்ன ஊரில் அவர்கள் முதல் மாநாடு கூட்டினார்கள். இதழ் வந்தது அதற்கப்புறம். அதாவது, இதழ் பிறப்பதற்கு முன்பே எழுதக்கூடியவர்களும் படிக்கக்கூடியவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு வட்டம் ஏற்கெனவே இருக்கிறதா? கோஹா பயனர் வாட்ஸ்அப் குழுவோ, வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற பயிலரங்கோ எதுவானாலும் சரி. இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு வருடம் அதைக் கட்டுவதில் செலவழியுங்கள், இதழ் காத்திருக்கும். கட்டுரை கேட்டு முகம் தெரியாத ஐந்நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், "போன மாதம் நீங்கள் அந்த பார்கோடு பிரச்சினையைத் தீர்த்தீர்களே, அதை எழுதுங்களேன்" என்று ஒருவரிடம் நேராகக் கேட்பதும் ஒன்றல்ல. நல்ல கட்டுரைகள் இரண்டாவது வழியில்தான் வருகின்றன.

அடுத்து வேலையைப் பற்றி. இதழின் மூலதனம் ஆசிரியர்களின் மணிநேரம். மென்பொருளும் பணமும் அதற்குப் பின்னால்தான். ஒரு கட்டுரையை ஒழுங்காகத் திருத்த ஓர் ஆசிரியரின் இரண்டு மூன்று வார இறுதிகள் போய்விடும். இதழுக்கு ஆறு கட்டுரை என்றால் ஆறு பேருடைய வார இறுதிகள். ஒருவரே "முதன்மை ஆசிரியர்" என்ற பெயரில் எல்லாவற்றையும் சுமந்தால், அவருக்கு இடமாற்றம் வந்தாலோ குழந்தை பிறந்தாலோ இதழ் நின்றுவிடும். நின்றுபோன தன்னார்வ இதழ்களை விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான் வரும். கோட்4லிப் இதைச் சமாளித்த விதம் எளிமையானது. நிரந்தர முதன்மை ஆசிரியர் கிடையாது. ஒவ்வொரு இதழுக்கும் குழுவில் ஒருவர் ஒருங்கிணைப்பாளர், அடுத்த இதழுக்கு வேறொருவர். கட்டுரைக்கான சுருக்கம் வந்ததும் குழு முழுக்கப் படித்து வாக்களிக்கும். தேறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார், இன்னொருவர் இரண்டாவது வாசகராக இருப்பார். யாருக்காவது ஒரு பருவத்தில் முடியவில்லை என்றால், இந்த முறை எனக்குக் கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த இதழுக்குத் திரும்பி வரலாம். வெட்கப்படாமல் ஒதுங்கி, வெட்கப்படாமல் திரும்ப வழி வைத்திருக்கும் குழுதான் நீடிக்கிறது.

இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வருடத்துக்கு நான்கு இதழ் என்று அறிவிக்காதீர்கள். ஐந்தாறு பேருக்கு இரண்டு போதும். வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறியுங்கள். நான்கு மாதம் முன்பு சுருக்கங்களுக்குக் கடைசி நாள், அதிலிருந்து பத்து நாளில் முடிவு, அப்புறம் ஆறு வாரத்தில் முதல் வரைவு, மிச்ச நாள் திருத்தத்துக்கும் பக்கம் போடுவதற்கும். எட்டுச் சுருக்கம் ஏற்றுக்கொண்டால் ஐந்து கட்டுரைதான் வந்து சேரும் என்று எதிர்பாருங்கள். எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது, அவர்கள் மேல் கோபப்பட எதுவும் இல்லை. முழுக் கட்டுரைக்குப் பதிலாக முந்நூறு சொல்லில் சுருக்கம் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மறுக்க வேண்டியதைச் சீக்கிரம் மறுத்துவிடலாம், அவரும் ஒரு மாத உழைப்பை வீணாக்க மாட்டார்.

திருத்தம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். பழைய நூலக மென்பொருளிலிருந்து கோஹாவுக்கு மாறியதைப் பற்றி ஒரு நூலகர் எழுதிய வரைவு என்னிடம் வந்தது. முதல் இரண்டு பக்கம் நூலகத்தின் வரலாறும் தகவல் யுகத்தின் முக்கியத்துவமும். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: சில பதிவுகளில் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை, அது பின்னர் சரிசெய்யப்பட்டது. எந்தப் பதிவுகள், ஏன், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதிலாக வந்த மின்னஞ்சலில்தான் விஷயமே இருந்தது. நூல் விவரங்களைக் கணினியில் வைக்கும் மார்க் வடிவப் பதிவு ஒவ்வொன்றின் தலையிலும் 24 எழுத்து கொண்ட ஒரு பகுதி இருக்கும். பூச்சியத்திலிருந்து எண்ணினால் அதன் ஒன்பதாவது இடம், உள்ளே இருக்கும் எழுத்துக் குறியீடு எது என்று சொல்லும். அந்த இடம் வெற்றாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியீடு, ஏ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் யூனிகோடு. அவருடைய பழைய மென்பொருள் ஏற்றுமதி செய்யும்போது எல்லாப் பதிவிலும் ஏ என்று குத்திவிட்டு, உள்ளே மார்க்-8ஐ அப்படியே விட்டிருந்தது. புதிய மென்பொருள் தலையில் இருந்ததை நம்பிப் படித்ததில், மேலே குறி போட்ட எழுத்துகளெல்லாம் சிதைந்துவிட்டன. அவர் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி, தலையில் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாத பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, தனியாக மாற்றி ஏற்றியிருந்தார். அந்த மின்னஞ்சலையும் நிரலையும் நடுவில் வைத்துக் கட்டுரையைத் திரும்பக் கட்டினோம். இரண்டு பக்க வரலாறு மூன்று வரியானது. அவர் நல்ல எழுத்தாளர் இல்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதே சிக்கலில் மாட்டியிருக்கும் இன்னொருவருக்கு வேண்டியது அவர் கையில் இருந்தது. அதை வெளியே எடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் இதழ் இதைச் செய்யாது, "தரமில்லை" என்று திருப்பி அனுப்பும் இதழும் செய்யாது.

இதனால்தான் ஆய்விதழ்களோடு போட்டி போட வேண்டாம் என்கிறேன். இந்தியாவில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் நூலகவியல் ஆய்விதழ்கள் ஏற்கெனவே உண்டு. 1954இல் நூலகவியல் முன்னோடி ரங்கநாதனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய இதழ் இன்று அனல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ் என்ற பெயரில் வருகிறது, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் டெசிடாக் இதழும் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காதது வேலைக்களத்துச் சமாச்சாரம்: எப்படிச் செய்தோம், எங்கே உடைந்தது, அடுத்தவர் என்ன கவனிக்க வேண்டும். கோட்4லிப் தன் கட்டுரையாளர்களிடம், வலைப்பதிவுக்கும் மரபான ஆய்விதழ்க் கட்டுரைக்கும் நடுவில் எழுதுங்கள் என்று கேட்கிறது. அதோடு வெற்றிபெற்ற திட்டம், தோற்ற திட்டம், இன்னும் யோசனையில் இருக்கும் திட்டம் எல்லாவற்றையும் பற்றி எழுதலாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. தோற்றதைப் பற்றியும் எழுதலாம் என்ற அந்த ஒரு வரியை உங்கள் அழைப்பில் கட்டாயம் சேருங்கள். புத்தகங்களில் சில்லு ஒட்டிக் கண்காணிக்கும் ஆர்எஃப்ஐடி திட்டத்தில் ஆறு மாதம் உழைத்துக் கைவிட்டதைப் பற்றிய நேர்மையான கட்டுரை, வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பத்து நூலகங்களின் பணத்தைக் காப்பாற்றும்.

பியர் ரிவ்யூ, அதாவது துறையில் உள்ளவர்கள் கட்டுரையைப் படித்துச் செய்யும் மதிப்பாய்வு, வேண்டுமா என்பது அடுத்த சிக்கல், இங்கே நிச்சயமானதையும் என் கருத்தையும் பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது: கோட்4லிப்பில் பெயர் மறைத்த வெளி மதிப்பாய்வு கிடையாது, ஆசிரியர் குழுவே படித்து, விவாதித்து, திருத்துகிறது. இன் த லைப்ரரி வித் த லெட் பைப் என்ற இன்னொரு தன்னார்வ இதழ் 2008இல் தொடங்கியது. அங்கே குழுவுக்கு உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர், இருவரும் பெயர் தெரிந்தே மதிப்பாய்வு செய்கிறார்கள். இரண்டு முறையும் நடைமுறையில் ஓடுகின்றன. என் கருத்து: வேலைக்களக் கட்டுரைக்கு இரண்டாவது முறை நன்றாகப் பொருந்தும். அந்த மென்பொருளை உண்மையிலேயே ஓட்டுகிற ஒருவர் நிரலை ஒருமுறை இயக்கிப் பார்த்துச் சொல்லும் வார்த்தைக்குப் பெயர் மறைத்த மூன்று அறிக்கைகளைவிட மதிப்பு அதிகம். ஆனால் உங்கள் கட்டுரையாளர்களில் பலருக்குப் பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டியிருக்கும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தான் ஏற்கும் இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது, அப்புறம் கேர் என்ற புதுப் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதுவும் வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, இதழின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆக, ஒரு கல்லூரியின் குழு உங்கள் இதழை ஏற்குமா ஏற்காதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: என்ன மதிப்பாய்வு, யார் செய்கிறார்கள், எத்தனை கட்டத்தில் என்று தளத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். செய்யாத மதிப்பாய்வைச் செய்ததாகப் போட்டுக்கொள்கிற இதழ்கள் ஏராளம், அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

மென்பொருளுக்கு வருகிறேன். ஓஜேஎஸ், அதாவது ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் 2001இல் வெளியிட்ட திறமூல மென்பொருள். கட்டுரை பெறுவது, மதிப்பாய்வு, வெளியீடு எல்லாம் அதிலேயே உண்டு, பட்டியலிடும் தளங்களோடும் நன்றாகப் பேசும். கோட்4லிப்போ வேர்ட்பிரஸ்ஸில்தான் வருகிறது, கட்டுரைப் போக்குவரத்தை மின்னஞ்சலில் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் குழுவில் பிஎச்பி சர்வரைப் பராமரித்து, ஒவ்வொரு பாதுகாப்பு அப்டேட்டையும் உடனே போடக்கூடிய ஒருவர் இருந்தால் ஓஜேஎஸ். வருடக்கணக்கில் அப்டேட் போடாத ஓஜேஎஸ் தளங்களில் போலிப் பயனர்களும் விளம்பரக் குப்பையும் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஆள் இல்லையென்றால் யாராவது பராமரித்துத் தரும் வேர்ட்பிரஸ் போதும். எதுவானாலும் கட்டுரையை எச்டிஎம்எல் பக்கமாக வெளியிடுங்கள், பிடிஎஃப் மட்டும் போடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து நிரலை நகலெடுத்தால் மேற்கோள் குறிகள் வளைந்துவிடும், வரி முன்னால் உள்ள இடைவெளி போய்விடும், பைத்தான் நிரல் அதோடு ஓடாது. தமிழுக்கு இன்னும் மோசம். பல பிடிஎஃப்களில் கொம்பும் காலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பிரிந்து கிடப்பதால், நகலெடுத்தால் சொல் சிதறும், தேடினாலும் கிடைக்காது.

செலவு குறைவுதான். டொமைனும் சாதாரண ஹோஸ்டிங்கும் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஐஎஸ்எஸ்என் இந்தியாவில் இலவசம், டெல்லியில் சிஎஸ்ஐஆரின் நிஸ்பர் நிறுவனத்தில் உள்ள தேசிய மையம் தருகிறது. ஒன்று நினைவிருக்கட்டும், அது வெறும் அடையாள எண், தரச் சான்று இல்லை. அதைப் பெரிய எழுத்தில் முகப்பில் போட்டுப் பெருமைப்படுகிற தளங்களைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். டிஓஐ, அதாவது கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம் வேண்டுமென்றால், அதைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். ஆண்டுச் சந்தா சில நூறு டாலர், புதுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம். ஸெனோடோ என்று ஒன்று இருக்கிறது, 2013இல் செர்ன் ஆய்வகம் தொடங்கிய இலவச சேமிப்பகம். அதில் கட்டுரையின் ஒரு பிரதியைப் போட்டால் டிஓஐ தானாகக் கிடைக்கும். கட்டுரையோடு வரும் நிரல், நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்தால், அதை ஸெனோடோவோடு இணைத்து ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி டிஓஐ வாங்கலாம். இந்தச் செலவையெல்லாம் குழுவே பங்கிட்டுக்கொள்ளுங்கள், கட்டுரையாளரிடம் "சிறு பராமரிப்புத் தொகை" என்றுகூடக் கேட்காதீர்கள். ஒரு ரூபாய் வாங்கினாலும், பணம் கட்டினால் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள், உங்களுக்கு வேண்டிய ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கட்டும், எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று) கட்டுரை வரட்டும், அதைக் கட்டுரைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நிரலுக்கு அது பொருந்தாது. மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது. நிரலுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தைப் போடச் சொல்லுங்கள்.

இனி எல்லாரும் தள்ளிப்போடும் ஒன்று, இதழ் நின்ற பிறகு கட்டுரைகள் என்ன ஆகும் என்பது. டி-லிப் மேகசின் என்ற புகழ்பெற்ற மின்நூலக இதழ் 1995இலிருந்து 2017 வரை கட்டணமே இல்லாமல் வந்தது, பிறகு நிதி இல்லாமல் நிறுத்தினார்கள், ஆனால் பழைய கட்டுரைகளைப் படிக்கக் கிடைக்கும்படி வைத்துவிட்டுத்தான் போனார்கள். அப்படிச் செய்யாதவை எத்தனையோ. 2000 முதல் 2019 வரை 174 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து காணாமலே போய்விட்டன என்று ஓர் ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது, அதுவும் கண்டுபிடிக்க முடிந்தவை மட்டும். பெரும்பாலும் காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. டொமைன் ஒருவர் பெயரில் இருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவர் பார்க்காத முகவரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே முதல் நாளே டொமைன், ஹோஸ்டிங் கடவுச்சொற்கள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், பதிவு முகவரி குழுவுக்குப் பொதுவானதாக இருக்கட்டும். ஓஜேஎஸ் என்றால், அதை வெளியிட்ட பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் (பிகேபி) கட்டுரைப் பிரதிகளைக் காக்க நடத்தும் பாதுகாப்பு வலையமைப்பில் இலவசமாகச் சேரலாம், ஐஎஸ்எஸ்என்னும் வெளிவந்த ஓர் இதழும் இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் என்றால் ஒவ்வொரு இதழும் வந்த அன்றே எல்லாப் பக்கங்களையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேமித்துவிடுங்கள், ஸெனோடோவிலும் பிரதி போடுங்கள். நிறுத்துவதாக இருந்தால் எப்படி நிறுத்துவோம் என்று அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்துவிட்டால், நான்கு இதழோடு நின்றாலும் தலைகுனிவு ஒன்றும் இல்லை. அந்த நான்கு இதழும் இருபது வருடம் கழித்தும் யாருக்காவது கிடைக்கும்.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நானாகவே சொல்கிறேன். இரண்டும் வரட்டும் என்பது என் யோசனை. தமிழில்தான் எழுத முடிகிற, வேறு எந்த இதழும் போடாத விஷயங்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூல் பட்டியல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும், அதற்கு முன் உள்ளிட்ட தரவு தானாக மாறிவிடவில்லை. எந்த நூலகம் எப்படி மாற்றியது, எங்கே பிழை வந்தது என்பது பெரும்பாலும் அந்தந்த நூலகரின் தலையில்தான் இருக்கிறது. அடுத்தது அகரவரிசை. யூனிகோடு எண் வரிசையில் அப்படியே அடுக்கினால் ன வந்து ந-வை ஒட்டி நிற்கும், ற வந்து ர-வை ஒட்டி நிற்கும், ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னாலேயே வந்துவிடும். கோஹாவில் இதைச் சரியாக அமைப்பது எப்படி என்று ஒருவர் படிப்படியாக எழுதினால் அந்த ஒரு கட்டுரைக்கே இதழ் தேடப்படும். ஈழத்தவர்கள் 2005இலிருந்து நடத்தும் "நூலகம்" என்ற மின்னூலகத்தில் வேலை செய்தவர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வேலை செய்தவர்கள், இவர்களிடமெல்லாம் கேளுங்கள். கலைச்சொல் சண்டையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். சர்வர் என்று எழுதினால் சர்வர், வழங்கி என்று எழுதினால் வழங்கி, ஒரு கட்டுரைக்குள் மாறாமல் இருந்தால் சரி.

பட்டியல்களில் சேர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. டிஓஏஜே, அதாவது திறந்த அணுகல் இதழ்களின் விவரத்திரட்டு, விண்ணப்பிக்கும் புது இதழுக்கு ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வெளியீட்டு வரலாறோ பத்து ஆய்வுக் கட்டுரைகளோ இருக்க வேண்டும் என்கிறது, வருடத்துக்குக் குறைந்தது ஐந்து கட்டுரையும் எதிர்பார்க்கிறது. வருடத்துக்கு இரண்டு இதழ், இதழுக்கு ஐந்து கட்டுரை என்று போனால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். மதிப்பாய்வு விஷயத்தில் அவர்கள் கண்டிப்பானவர்கள், ஒவ்வொரு கட்டுரையையும் சார்பில்லாத மதிப்பாய்வாளர் குறைந்தது இருவர் பார்த்திருக்க வேண்டும். உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர் என்று நான் மேலே சொன்ன முறையை முதலிலிருந்தே வைத்துக்கொண்டால் பின்னால் விதியைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. இப்போது இன்னொரு தலைவலி, செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த வழவழப்பான கட்டுரைகள். அந்தக் கருவிகளை எழுதியவராகப் பெயர் போடக் கூடாது என்பது பதிப்பு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பின் நிலைப்பாடு. அதற்கு மேல் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு, நான் மேலே சொன்ன அதே கேள்விதான்: எந்தப் பதிவு, எந்த நாள், எந்தப் பிழைச் செய்தி வந்தது? வேலையைச் செய்தவரால் பத்து நிமிடத்தில் பதில் எழுத முடியும்.

ஆகவே டொமைன் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் ஐந்தாறு பேரும் ஆளுக்கு இரண்டு பேரிடம் நேரில் பேசி, முந்நூறு சொல்லில் சுருக்கம் வாங்குங்கள். வந்தவற்றை எல்லாரும் படித்து வாக்களித்துப் பாருங்கள், கருத்து வேறுபட்டால் எப்படித் தீர்க்கிறீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தேறியவற்றில் ஒன்றை எடுத்து இருவர் சேர்ந்து கடைசிவரை திருத்தி முடியுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை இதழுக்கு ஐந்தால் பெருக்கிப் பார்த்து, வருடத்துக்கு இரண்டு முறை இதைத் தர எத்தனை பேருக்கு முடியும் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். ஐந்து பேருக்கு முடியாது, மூன்று பேருக்குத்தான் முடியும் என்றால் வருடத்துக்கு ஒரே இதழ் போடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. சுருக்கங்கள் வந்த பிறகு எதை எடுப்பது என்று குழப்பம் இருந்தால் பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுங்கள், நான் படித்துவிட்டு என் எண்ணத்தைச் சொல்கிறேன்.